அளந்து பார்ப்பதற்கும் கூலி கொடுப்போம்

கோடை நெருங்கிவிட்டால் சென்னையிலும் கடலூரிலும் தூத்துக்குடியிலும் எலக்ட்ரீஷியன் கிடைப்பது அரிது. புது ஏ.சி.க்குத் தனி லைன், கீசருக்கு 16 ஆம்பியர் பாயிண்ட், பழைய ஃப்யூஸ் கட்டையை எடுத்துவிட்டு எம்.சி.பி. பெட்டி என்று வேலைகள் குவிகின்றன. பேச்சு ‘பாயிண்டுக்கு எவ்வளவு’ என்று தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. இந்தக் கணக்கில் வயர் இழுக்கக் கூலி உண்டு, ஸ்விட்ச் மாட்டக் கூலி உண்டு. செய்த வேலை சரியா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பதற்குக் கூலி இல்லை. கூலி இல்லாத வேலையை யாரும் செய்வதும் இல்லை. கடலோர ஊர்களில் இது உயிர் சம்பந்தப்பட்ட குறை. அளப்பதற்கென்று தனியாகக் கூலி பேச வேண்டும், அளக்கத் தெரிந்தவரையே வேலைக்கு அழைக்க வேண்டும்.

ஈரமும் உப்பும் சேர்ந்த காற்று வயரிங்கை மெதுவாகத் தின்கிறது. செம்புக் கம்பியின் நுனி களிம்பேறினால் இணைப்பில் தடை கூடும். தடை கூடிய இடம் சுமை ஏறும்போதெல்லாம் சூடாகும். கம்பிகளை முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் வறண்ட ஊரில் பல ஆண்டு ஓடலாம். புழுக்கத்தில் டேப்பின் பசை இளகிப் பிரிந்துவிடும். மொட்டை மாடியில் தேங்கும் மழைநீர் சுவருக்குள் போன குழாய் வழியாகவே ஸ்விட்ச் பெட்டிக்கு இறங்கிவருவதும் உண்டு. இந்த ஊர்களில் மனித உடலும் ஈரமாகவே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காய்ந்த தோலின் தடை பல்லாயிரம் ஓம் வரை போகும். வியர்த்து நனைந்த உடலில் அது ஏறத்தாழ ஆயிரம் ஓமுக்கு இறங்கிவிடும். நம் வீட்டு 230 வோல்ட் அப்போது 200 மில்லி ஆம்பியருக்கு மேல் உடல் வழியே பாய்ச்சும். இதயத் துடிப்பைக் குலைக்கச் சில பத்து மில்லி ஆம்பியரே போதும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் மின்சாரம் தாக்கி இறப்போர் எண்ணிக்கை ஆண்டுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டி நிற்பதை இந்தக் கணக்கோடு வைத்துப் படிக்க வேண்டும்.

“எர்த் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது, பிறகென்ன” என்பார்கள். எம்.சி.பி. வயரைக் காப்பதற்கான கருவி. மனிதரைக் காப்பது அதன் வேலை அல்ல. எர்த் குழியின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஏ.சி.யின் வெளி யூனிட்டில் மின்கசிவு ஏற்பட்டு அதன் தகர உடலுக்கு மின்சாரம் வந்தால், 230-ஐ 10-ஆல் வகுக்க, எர்த் வழியே போவது அதிகபட்சம் 23 ஆம்பியர். அந்த லைனில் இருக்கும் 20 ஆம்பியர் எம்.சி.பி. ஒரு மணி நேரமானாலும் விழாமல் நிற்கக்கூடும். அவ்வளவு நேரமும் அந்தத் தகரம் தொட்டவரைத் தாக்கக் காத்திருக்கும். உப்பு மண்ணில் இரும்புக் குழாய் அரித்துப்போன எர்த் குழி என்றால் நிலைமை இன்னும் மோசம். போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி.தான் இங்கே உயிர் காக்கும். ஆனால் எம்.சி.பி.யும் இதுவும் ஒன்றே என்று நினைத்துப் பணத்தை மிச்சம் பிடிக்கும் வீடுகள் ஏராளம்.

மாட்டிய வீடுகளிலும் ஒரு புகார் எழும்: மழை வந்தால் போதும், ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கிறது, வீடே இருண்டுவிடுகிறது. தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் அதை பைபாஸ் செய்து கொடுக்கும் எலக்ட்ரீஷியனை மறுபடி வீட்டுக்குள் விடக் கூடாது. நல்லவர் ஒவ்வொரு லைனாகப் பிரித்து மெக்கர் வைத்துப் பார்ப்பார். 500 வோல்ட்டில் சோதிக்கும்போது வயரின் இன்சுலேஷன் தடை ஒரு மெகா ஓமுக்குக் கீழே இறங்கினால் கசிவு அந்த லைனில் இருக்கிறது. சில வீடுகளில் கசிவே இருக்காது, இரண்டு லைன்களின் நியூட்ரலைக் கலந்துவிட்டிருப்பார்கள்; அதுவும் சோதனையில் பிடிபடும். சமையலறைக்கும் குளியலறைக்கும் ஏ.சி.க்கும் தனித்தனி ஆர்.சி.சி.பி. வைத்தால் ஒன்று விழுந்தாலும் மற்றவை ஓடும். எப்போது அளப்பது என்பதும் முக்கியம். வேலை நடப்பது சித்திரை வெயிலில், அப்போது சுவர் காய்ந்து கிடக்கும், எந்த வயரும் நல்ல வயராகத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஓதம் ஏறிய பிறகு மறுபடி ஒருமுறை அளக்க வேண்டும். அந்த வருகைக்கும் சேர்த்து முதலிலேயே கூலி பேசிவிடுவது இரு தரப்புக்கும் நியாயம்.

யாரை அழைப்பது? மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி, சில்லறை மாற்றங்கள் தவிர மற்ற வயரிங் வேலை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும். சான்று இல்லாத கைதேர்ந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்களே என்ற கேள்வி நியாயமானது. அவர்கள் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை அனுபவசாலிகளுக்கென்றே தமிழ்நாடு அரசு நடத்துகிறது. அதை எழுதச் சொல்லி ஊக்கப்படுத்தலாம். ஆனால் ஈரச் சுவருக்குள் இருக்கும் கசிவு எந்த அனுபவசாலியின் கண்ணுக்கும் தெரியாது, மீட்டருக்குத்தான் தெரியும். ஆகவே வேலை பேசும்போதே மெக்கரும் எர்த் டெஸ்டரும் கொண்டுவருவாரா என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு லைனின் அளவையும், எர்த் தடையையும், தேதியையும் எழுதிக் கையெழுத்திட்ட தாள் ஒன்று எம்.சி.பி. பெட்டிக்குள் இருக்க வேண்டும். அடுத்து வருபவர் அதோடு ஒப்பிட்டால்தான் எந்த லைன் கெட்டுவருகிறது என்று தெரியும். செலவு கூடும் என்பது உண்மை. ஒரே நாளில் பல வீடுகளை அளந்துவிடலாம் என்பதால், அடுக்குமாடிச் சங்கங்கள் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒருவரை அமர்த்தினால் அந்தச் செலவு பெரிதும் குறையும். வாடகை வீடு என்றால் அது வீட்டு உரிமையாளரின் கணக்கில் சேர வேண்டிய செலவு. வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் வசதி கேட்பதுபோல் இந்தத் தாளையும் கேட்கத் தொடங்கலாம்.