'எர்ணாவூர்' பெயரில் ஒளிந்திருக்கும் 1978: தமிழ் எழுத்து எப்போது, ஏன் மாறியது?

எர்ணாவூர் பஸ் ஸ்டாப் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீங்க. அதில் மூன்றாவது எழுத்து 'ணா'. 1978-க்கு முன்பு அச்சான பெரும்பாலான புத்தகங்களில் இந்த எழுத்துக்குத் தனியாகக் கால் கிடையாது. ண-வின் கடைசிக் கோடே சுழித்துக்கொண்டு கீழே இறங்கும். இன்றைய பள்ளி மாணவரிடம் காட்டினால் 'இது என்ன எழுத்து?' என்றுதான் கேட்பார்.

என்ன மாறியது?

எம்.ஜி.ஆர் அரசு, பெரியார் நூற்றாண்டையொட்டி 1978 அக்டோபரில் அரசாணை போட்டது. மாறியவை 13 எழுத்துகள். ணா, றா, னா மற்றும் அவற்றின் ஒகர, ஓகார வரிசை சேர்த்து ஒன்பது. ணை, லை, ளை, னை என்று இன்னும் நான்கு. பழைய 'லை'யில் யானைத் துதிக்கை போல ஒரு வளைவு இருக்கும், வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

பெரியார் இதை 1935-லேயே 'குடிஅரசு' இதழில் அச்சிட ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு தனி வடிவத்துக்கும் தனி அச்சு வார்க்கணும், குழந்தையும் தனியாக மனப்பாடம் செய்யணும் என்பதுதான் காரணம். ஐ, ஔ-வை விட்டுவிட்டு அய், அவ் என்று எழுதலாம் என்ற அவரது யோசனையை மட்டும் அரசு எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கு முன்பு?

முதல் எழுத்து 'எ'வுக்கும் ஒரு கதை உண்டு. குறில் என்றால் மேலே புள்ளி வைக்கணும் என்பது பழைய இலக்கணம். ஓலையில் புள்ளி வைப்பது அபூர்வம். அதனால் எ-வா, ஏ-வா என்பதை வாசிப்பவர்தான் ஊகிக்கணும். போதாக்குறைக்கு ர, ர், துணைக்கால் மூன்றும் ஒரே மாதிரி இருக்கும்! 18-ஆம் நூற்றாண்டில் ஏ, ஓ-வுக்குத் தனி வடிவம் தந்தவராகச் சொல்லப்படுபவர் வீரமாமுனிவர்.

சீனா செய்தது என்ன?

சீனா 1956-ல் எழுத்து எளிமையாக்கத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1964 பட்டியலில் 2,200-க்கும் மேற்பட்ட எழுத்துகள். 'அன்பு' என்ற எழுத்துக்குள் இருந்த 'இதயம்' காணாமல் போனது என்ற கிண்டல் இன்றும் உண்டு. தைவானும் ஹாங்காங்கும் பழைய எழுத்திலேயே நின்றன. 1977-ல் வந்த இரண்டாவது சுற்று குழப்பத்தில் முடிய, 1986-ல் வாபஸ்.

கம்ப்யூட்டரிலும் வித்தியாசம் தெரியும். எளிமையாக்கிய சீன எழுத்துக்கும் பழைய எழுத்துக்கும் யூனிகோடில் பெரும்பாலும் தனித்தனி எண்கள். தமிழில் பழைய 'ணா', புதிய 'ணா' இரண்டுக்கும் ஒரே குறியீடு, மாறுவது ஃபான்ட் மட்டுமே. அதனால் தேடலில் ஒன்றை விட்டு இன்னொன்று வரும் சிக்கல் நமக்கில்லை.

இனியும் மாறுமா?

இ, ஈ, உ, ஊ வரிசையின் 72 எழுத்துகளையும் பொதுக்குறி வைத்து எழுதலாம் என்று முன்னாள் துணைவேந்தர் வா.செ.குழந்தைசாமி நீண்ட காலம் வாதிட்டார். குழந்தைகளின் சுமை குறையும் என்பது நியாயமான வாதம்தான். ஆனால் அச்சுக்கோப்பவரின் கஷ்டம் என்ற பழைய காரணம் மொபைல் கீபோர்டில் இப்போது இல்லை. மாற்றத்தின் அளவும் வேறு. 1978-ல் எர்ணாவூருக்கு மாறியது ஒரே எழுத்து. இந்த யோசனைப்படி பக்கத்து ஊரான திருவொற்றியூர் பலகையில் மட்டும் தி, ரு, றி, யூ என நாலு எழுத்து மாறும்.