நரம்பு என்னும் ஒரு சொல்

சென்ற விடுமுறையில் யான் ஊர் சென்றிருந்தபோது, என் பாட்டியார் கால்வலியால் வருந்திக்கொண்டிருந்தனர். மருத்துவம் பயிலும் என் பெரியப்பா மகனாரும் அப்பொழுது அங்கு வந்திருந்தார். "நரம்பு புடைத்து வலிக்கிறதப்பா" என்றார் பாட்டியார். அண்ணன் உடனே, கால் மரத்துப் போகிறதா, ஊசியாற் குத்துவது போலிருக்கிறதா என நரம்பு நோய்க்குரிய வினாக்களை அடுக்கினார். பாட்டியார் ஒன்றும் விளங்காமல் தம் கெண்டைக்காலைக் காட்டினர். ஆங்கே நீலநிறக் குழாய்கள் முறுக்கிப் புடைத்திருந்தன. "பாட்டி, இது நரம்பன்று, சிரை" என்றார் அண்ணன். "என்னவோ, எங்களுக்கு எல்லாம் நரம்புதான்" என்றார் பாட்டியார்.

யாவரும் நகைத்தோம். ஆயினும் இது நகைத்து விடுதற்குரிய செய்தியன்று. நோயுற்றார் ஒன்று சொல்ல, நோய் தீர்ப்பார் மற்றொன்று கொள்வாராயின், அதனால் விளையும் தீங்கு யாருக்கு? காலைக் காட்ட முடிந்தது. உள்ளுறுப்பைக் காட்ட முடியுமா?

நம் மக்கள் நரம்பு என்னும் ஒரு சொல்லால் மூன்று பொருள்களைக் குறிக்கின்றனர். மூளையினின்றும் தண்டுவடத்தினின்றும் கிளைத்து உணர்ச்சியையும் ஏவலையும் கொண்டு செல்லும் இழை ஒன்று. இதயத்திற்கு இரத்தத்தை மீட்டுக் கொணரும் சிரை மற்றொன்று. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் மூன்றாவது. பழந்தமிழில் யாழின் தந்திக்கும் அதுவே பெயர். இவ்வாறு மயங்கும் சொற்களைக் காட்டி, உடல்நூலுக்குத் தமிழ் ஏலாது என்பர் ஒரு சாரார்.

அன்னோர் மேனாட்டு வரலாற்றைச் சற்றே நோக்குவாராக. இன்று நரம்பணுவைக் குறிக்கும் நியூரான் என்னும் சொல், பண்டைக் கிரேக்கரிடத்துத் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்து வழங்கியதே. கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய 300 ஆண்டுகட்கு முன் அலெக்சாந்திரியாவில் விளங்கிய ஹெரோபிலஸ் என்பார், உடலை அறுத்தாய்ந்து, நரம்பு வேறு, தசைநாண் வேறு எனப் பிரித்துக் காட்டினார். தமனியைக் குறிக்கும் ஆர்ட்டரி என்னும் சொல்லோ, மூச்சுக்குழலுக்கும் உரியதாய் இருந்தது. இறந்தார் உடலில் தமனிகள் பெரும்பாலும் வெறுமையாய்க் காணப்பட்டமையின், அவற்றுள் ஓடுவது காற்றே என்று முன்னோர் சிலர் கருதினர். இரத்தமே ஓடுகின்றது என்பதைக் கேலன் காட்டினார். அது சுற்றியோடும் முறையை வில்லியம் ஹார்வி 1628ஆம் ஆண்டில் விளக்கினார். அறிவு வளர்ந்தது, பழஞ்சொல் எறியப்படவில்லை. அதற்கு வேலி கட்டினர், அவ்வளவே. நரம்பு என்னும் சொல்லுக்கு நாமும் அவ்வாறு வேலி கட்டலாகாதா?

தமிழில் இப்பணி நெடுநாட்களுக்கு முன்பே தொடங்கப்பெற்றது. 1847ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் மருத்துவராய் யாழ்ப்பாணம் போந்த சாமுவேல் பிஸ்க் கிரீன் என்பார், மானிப்பாயில் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். மனுஷ அங்காதிபாதம் 1872இலும், மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. முன்னது உடலின் அமைப்பையும், பின்னது அதன் இயக்கத்தையும் கூறுவன. அவ்விரு பெயர்களும் இன்று நம்மில் எத்துணைப் பேர்க்கு விளங்கும்? உடற்கூற்றியல், உடலியங்கியல் என்பனவே இந்நாள் வழக்கு. நூலோர் ஆக்கிய பெயர்கள் மறைந்தொழிய, எலும்பு, குடல், நுரையீரல், கல்லீரல் என மக்கள் நாவில் வழங்குவன நிலைபெற்றுள்ளன. இதனின்று நாம் கற்க வேண்டுவது ஒன்றுண்டு. மக்களிடத்துச் சொல் இருக்குமிடத்து நூலோர் புதிது தேடற்க.

மக்களிடத்துச் சொல் இல்லாதவிடத்து என் செய்வது? ஆக்குக, அன்றேல் கடன் கொள்க. ஆனால் எல்லோரும் ஒன்றையே கொள்க. தமிழகப் பாடநூலிற் செல் எனவும் திசு எனவும் வருவன, இலங்கைப் பாடநூலிற் கலம் எனவும் இழையம் எனவும் வரும். இங்குக் கணையம், அங்குச் சதையி. இங்கு உதரவிதானம், அங்குப் பிரிமென்றகடு. இவையேனும் வெவ்வேறு சொற்களாதலின் மயக்கம் சிறிதே. நாளம் என்பதோ, இங்கு இரத்தக்குழாய்க்கெல்லாம் பொதுப்பெயர். அங்குச் சிரைக்கே சிறப்புப்பெயர். நாளமில்லாச் சுரப்பி என்னும்போது, சுரந்த நீர் செல்லும் குழாய்க்கும் அதுவே பெயராகின்றது. ஒரே மொழி பேசும் மாணவர் இருவர் ஒரே உறுப்பைக் குறித்து உரையாட ஓர் அகராதி வேண்டுமெனில், அது நமக்குப் பெருமையன்று.

சொல்லைத் தேர்ந்தபின் அதன் பொருளையும் பிழையறக் கூறல் வேண்டும். தமனி நல்லிரத்தம் கொண்டு செல்வது, சிரை கெட்ட இரத்தம் கொண்டு செல்வது என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோர் பலர். இதயத்தினின்று நுரையீரலுக்குச் செல்லும் தமனியில் ஓடுவது உயிர்வளி குறைந்த இரத்தமன்றோ? நுரையீரலினின்று இதயத்திற்கு மீளும் சிரைகளில் ஓடுவது உயிர்வளி நிறைந்த இரத்தமன்றோ? இதயத்தினின்று செல்வது தமனி, இதயத்திற்கு வருவது சிரை என்பதே வழுவாத இலக்கணம். நெஞ்செரிச்சல் என்னும் சொல்லும் இத்தகையதே. இரைப்பையின் புளிநீர் உணவுக்குழலில் மேலெழுவதால் உண்டாகும் எரிச்சலை, நெஞ்சு என்னும் சொல்லைக் கேட்டு இதயநோய் என அஞ்சுவோர் உளர். இதயநோயையே வெறும் நெஞ்செரிச்சல் என்று எண்ணி வாளாவிருந்து உயிர் இழப்பாரும் உளர். சொல்லின் எல்லையை அறிதல் புலமைக்கு மட்டுமன்று, உயிர்க்கும் காவலாம்.

தமிழ் பயிலும் நாம் சொல்லின் வரலாற்றை அறிவோம், உறுப்பை அறியோம். அறிவியல் பயிலும் நண்பர்கள் உறுப்பை அறிவர். அதற்கு வீட்டார் வழங்கும் பெயரை எண்ணிப் பாரார். ஒரே கல்லூரியில், ஒரே மரநிழலில் அமரும் இவ்விரு சாராரும் வாரத்தில் ஒரு மாலை கூடி, ஓர் உறுப்புக்கு ஒரு பெயர், ஒரு பெயர்க்கு ஒரு பொருள் என்று எழுதிப் பார்ப்பாராயின், அது தேர்வுக்கும் உதவும், ஊருக்கும் உதவும். நூலில் உள்ள பெயரின் எதிரே, நம் பாட்டியார் வழங்கும் பெயரையும் எழுதி வைத்தல் வேண்டும். மருத்துவர்க்கு முதலில் வேண்டுவது அதுவே.

அடுத்த விடுமுறைக்குள் ஒரு சிறு பட்டியலேனும் எழுதி முடிக்க எண்ணியுள்ளேன். அதன் முதற்சொல் நரம்பு. துணைபுரிய விரும்பும் அறிவியல் மாணவர்கள் தமிழ் வகுப்பிற்கு வருவார்களாக.