மேகேதாட்டும் வேண்டாம், ராசிமணலும் வேண்டாம்

ஆடி பிறந்துவிட்டால் தினமும் செய்தியில் அடிபடும் பெயர் பிலிகுண்டுலு. ஒகேனக்கல்லுக்கு மேலே, மத்திய நீர்வள ஆணையம் காவிரியை அளக்கும் இடம். விநாடிக்கு எத்தனை கன அடி, பரிசல் ஓடுமா, அருவியில் குளிக்கலாமா என்பதோடு செய்தி முடிந்துவிடும். 2018 தீர்ப்பின்படி ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. இங்கே வந்து சேர வேண்டும் என்பது டெல்டாவில் பள்ளிப் பிள்ளைக்கும் மனப்பாடம். அந்தத் தண்ணீருக்கு இருபுறமும் நிற்கும் மரங்களைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

அந்த மரங்களில் சாம்பல் நிற அணில் வாழ்கிறது. வீட்டுப் பூனையைவிடச் சற்றுச் சிறியது, உடம்பளவுக்கு வால். கிளையோடு கிளையாக வயிறு பட நீட்டிப் படுத்து வாலைத் தொங்கவிட்டால், காய்ந்த சருகுக் கொத்து என்றே நினைப்போம். கீழே வந்து விழும் பாதி கடித்த புளியங்காய்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இது கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988-இல் இதற்கென்றே சரணாலயம் அமைத்தோம். காவிரிக் கரையிலும் இது இருப்பது ஒகேனக்கல்லுக்கு மீன் வறுவல் சாப்பிட வருகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தரையில் இறங்குவது இந்த அணிலுக்கு ஆபத்து. கூடு இருக்கும் மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொட்டாக வேண்டும். இங்கே அப்படிப்பட்ட காடு ஆற்றை ஒட்டி மட்டும்தான். நீர்மருதும் புளியும் நாவலுமாக ஒரு நாடாவைப் போல ஓடுகிறது. கொஞ்சம் மேட்டில் ஏறினால் முள்ளும் பாறையும். அணை கட்டித் தண்ணீர் உயர்ந்தால் அணில் மேலே போய்ப் பிழைத்துக்கொள்ளும் என்பவர்கள் அந்த மேட்டை ஒருமுறை ஏறிப் பார்க்கட்டும்.

கர்நாடகம் காவிரியின் குறுக்கே மேகேதாட்டில் கட்ட நினைக்கும் 67 டி.எம்.சி. அணை சுமார் 5,000 ஹெக்டேரை மூழ்கடிக்கும். அதில் பெரும்பகுதி அந்த மாநிலத்தின் காவிரி வனவிலங்கு சரணாலயமும் காப்புக்காடும். தமிழ்நாடு இதைத் தண்ணீருக்காக எதிர்க்கிறது. நியாயம்தான். ஆனால், அதற்குப் பதிலாக, ஆற்றில் அதற்குக் கீழே உள்ள ராசிமணலில் நாமே அணை கட்டிக்கொள்ளலாம் என்று இங்கே எழும் குரல் நம் வாதத்தின் காலையே வாருகிறது. வெள்ளக் காலத்தில் கடலுக்குப் போகும் நீரைப் பார்த்து நிற்கும் உழவரின் வயிற்றெரிச்சலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. என்றாலும் ராசிமணல் அணை மூழ்கடிக்கப்போவது அதே நாடாவின் அடுத்த துண்டைத்தான். கர்நாடகச் சரணாலயத்தோடு நம் காடு இணையும் என்று சொல்லி, 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தை அரசு அறிவித்தது 2022 நவம்பரில். அந்த அரசாணையின் மை உலர்வதற்குள் அணை கேட்கிறோம்.

அறுந்த காட்டை ஒட்ட என்ன ஆகும் என்பதற்கு பிரேசிலைப் பார்க்கலாம். அங்கே பொன்னிறச் சிங்க டாமரின் என்றொரு குரங்கு, எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். கடலோரக் காடு துண்டு துண்டானதில் 1970-களில் சுமார் 200 மட்டுமே மிஞ்சின. 2023-இல் எண்ணிக்கை ஏறத்தாழ 4,800. இடையில் அரை நூற்றாண்டு உழைப்பு. தனியார் நிலங்களில் மரம் நட்டு, கடைசியில் நெடுஞ்சாலைக்கு மேல் மண் பரப்பி மரம் வளர்க்கும் பாலமும் கட்டினார்கள். மூழ்கும் காட்டுக்கு ஈடாக வேறிடத்தில் கன்று நடுவோம் என்பது நம் ஊர் வழக்கமான பதில். அந்தக் கன்றுகளின் கிளைகள் ஒன்றையொன்று தொடும்வரை அணில் எங்கே காத்திருக்கும்?

மேகேதாட்டுக்கு எதிரான மனுக்களில் இந்தக் காட்டையும் தமிழ்நாடு முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். ராசிமணல் எங்கள் திட்டமல்ல என்று அரசு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒகேனக்கல்லுக்கு வரும் பென்னாகரம் சாலையில் விரிவாக்கம் என்று புளியமரத்தில் கோடரி வைக்கும் முன் வனத்துறையின் ஒப்புதல் வேண்டும். அடுத்த கோடையில், ஆறு மெலிந்திருக்கும்போது, இரு மாநில வனத்துறைகளும் சேர்ந்து இரு கரைகளிலும் அணில் கூடுகளை எண்ணட்டும். அணையைப் பற்றிய பேச்சு அந்தக் கணக்கு வந்த பிறகு.