தேன்மொழிக்குப் பொருள் என்ன?

ஆலை மூடப்பட்டு வேலை இழந்த தோழர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். துணைவியார் மாவு பிசைய, இவர் முறுக்குப் பிழிய, மிதிவண்டியில் ஏற்றிக் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுகிறார். பொட்டலத்தின்மீது மகளின் பெயரை அச்சடிக்கிறார்: தேன்மொழி முறுக்கு. நான்கு ஆண்டில் ஊரே அந்தப் பெயரைக் கேட்டு வாங்குகிறது. ஐந்தாம் ஆண்டில் பக்கத்து ஊரிலிருந்து இன்னொரு தேன்மொழி வருகிறாள்! அதே எழுத்து, அதே சிவப்பு, அதே பொட்டலம். உள்ளே மட்டும் ஊசிப்போன எண்ணெய்!

ஏச்சு யாருக்கு? உழைத்தவருக்கு. இலாபம் யாருக்கு? ஒட்டுண்டு வாழ்பவருக்கு.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, தோழர்களே. 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. பதிவு செய்யாதவரும் வழக்குத் தொடரலாம். முன்பிருந்தே பெயரைப் பயன்படுத்தி வருபவரைச் சட்டம் கைவிட்டுவிடவில்லை. ஆனால் பழைய பில் எங்கே, சாட்சி எங்கே, ஊரார் அறிந்த பெயர் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று அடுக்கடுக்காய்க் கேட்பார்களே, மிதிவண்டியில் முறுக்கு விற்றவர் பில் புத்தகமா வைத்திருப்பார்? பதிவு செய்தவருக்கோ அந்தப் பதிவே முதல் சான்று. பத்தாண்டுக்குச் செல்லும்; பத்தாண்டுக்கொருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; முறுக்குக்கு 30. தனி ஆள் இணையவழியில் விண்ணப்பித்தால் வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய். பெரிய கம்பெனி என்றால் 9,000. அதிகாரி ஏற்று இதழில் வெளியிட்டபின், நான்கு மாதத்துக்குள் எவரும் மறுப்புச் சொல்லலாம். கட்டணம் சிறிதல்ல என்பது உண்மை. ஆனாலும் கட்டத்தான் வேண்டும். திருடனுக்குப் பயந்து பூட்டு வாங்குகிறோம் அல்லவா?

கட்டணத்தைக் காட்டிலும் கனமான சுமை ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் பேனா எடுத்தோம்.

விண்ணப்பம் இந்தியில் இருக்கலாம், ஆங்கிலத்தில் இருக்கலாம். தமிழில் இருக்கலாகாது! பெயர் மட்டும் தமிழில் இருக்கலாம். அதற்கும் தண்டனை உண்டு. 2017ஆம் ஆண்டு விதிகளில் 28ஆம் விதி சொல்கிறது: குறியில் வேற்று எழுத்து இருந்தால் அதன் ஒலிபெயர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தரவேண்டும், எந்த மொழிச் சொல் என்றும் குறிக்கவேண்டும். வேற்று எழுத்து! கிண்டியில் அலுவலகம், வாசலில் தமிழன், கையில் தமிழ்ப் பெயர். எழுத்து மட்டும் வேற்று எழுத்தாம்!

கடைப் பலகையில் தமிழ் இருக்கவேண்டும் என்கிறது மாநிலத்தின் விதி. அந்தப் பலகையிலுள்ள பெயரைக் காக்கப் போனால், தேன்மொழிக்குப் பொருள் என்ன, ஆங்கிலத்தில் சொல் என்கிறது மத்திய அரசின் விதி. மகளுக்குப் பெயர் வைத்தபோது இப்படி ஒரு தேர்வு காத்திருக்கிறது என்று அந்தத் தந்தை கண்டாரா?

நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு, ஒத்த ஒலியுள்ள பெயர் முன்பே இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா என்பார்கள். பார்க்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் நாகரி எழுத்தில் பெயர் வைத்தவருக்கு இந்த வேலை இல்லையே, அது ஏன்? ஒலிபெயர்ப்பு அலுவலகத்துக்குத் தேவையென்றால் அலுவலகமே செய்துகொள்ளட்டும். தமிழறிந்த எழுத்தருக்கா சென்னையில் பஞ்சம்?

பெயருக்காக நாம் கொடுத்த விலை கொஞ்சமல்ல. தமிழ்நாடு என்று பெயர் வேண்டிச் சங்கரலிங்கனார் 1956இல் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். 1967 ஜூலை 18 அன்று அண்ணாவின் ஆட்சியில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14 அன்று பெயர் நடப்புக்கு வந்தது. மாநிலத்தின் பெயரைத் தமிழில் எழுதவைத்தோம். முறுக்குப் பொட்டலத்தின் பெயருக்குத் தமிழில் விண்ணப்பம் எழுத முடியவில்லை!

28ஆம் விதியைத் திருத்து, விண்ணப்பத்தைத் தமிழிலும் வாங்கு என்று நம் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் கேட்கவேண்டும். அதுவரை காத்திருந்தால் பக்கத்து ஊர்க்காரன் முந்திக்கொள்வான். ஆகவே படிப்பகம்தோறும் மாலையில் ஒரு மேசை போடுங்கள்; கல்லூரி படிக்கும் தம்பிமார் உட்கார்ந்து, வருகிற தோழர்களுக்குப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கட்டும். எந்த மொழிச் சொல் என்று கேட்கும் இடத்தில் தமிழ் என்று எழுதுங்கள். அதையும் இப்போதைக்கு அவர்கள் எழுத்தில்தான் எழுதவேண்டும்.