வெறுங்கையோடு ஒரு பரிமாற்றமா?



கொங்குநாட்டில் இன்று ஒரு புது வேட்கை பரவி வருகின்றது. கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் பொருள்வளம் வாய்ந்தோர் தம் மக்களை ஓராண்டுக் காலம் அயல்நாட்டுப் பள்ளிகட்கு விடுக்கின்றனர். ரோட்டரி எனப்படும் சுழற்கழகம் போன்ற அமைப்புகள் 15 முதல் 19 வரை அகவையுள்ள இளையோரை நாடுவிட்டு நாடு அனுப்புகின்றன. நம் பிள்ளை அங்கொரு குடும்பத்தில் தங்கி அவ்வூர்ப் பள்ளியில் பயிலும். அந்நாட்டுப் பிள்ளை இங்கு வந்து பயிலும். இதற்குப் 'பரிமாற்றம்' என்று பெயர்.

இதனை யாம் பழிக்க வந்தோமல்லேம். கடல் கடந்து வாணிகம் செய்த இனத்திற்கு அயல்நாட்டுச் செலவு புதிதன்று. எம் வினா ஒன்றே: பரிமாற்றம் என்பது கொடுத்தலும் கொள்ளலும் ஆயின், கொள்ளச் செல்லும் நம் பிள்ளை கொடுப்பதற்கு எதனை எடுத்துச் செல்கின்றது?

பேரூர்ப் பகுதியைச் சேர்ந்த மாணவி ஒருத்தி செருமனியில் ஓராண்டு பயின்று மீண்டாள். மழலை வகுப்பு முதலே ஆங்கில வழியிற் பயின்றவள். தமிழில் பேசினால் தண்டத்தொகை வாங்கும் பள்ளி அவளுடையது. "உனக்கென்ன, ஆங்கிலம் தெரியும், உலகமே உன் கையில்" என்று கூறியே பெற்றோர் அவளை வானூர்தியில் ஏற்றினர். அங்கே அவள் கண்டது என்ன? கணக்கும் இயற்பியலும் வரலாறும் செருமானிய மொழியிலேயே நடந்தன. கடைப்பலகையும் தொடர்வண்டி அறிவிப்பும் செருமானியம். உடன்பயின்றோர் ஆங்கிலம் அறிந்திருந்தும் தமக்குள் தம் தாய்மொழியிலேயே உரையாடினர். குளிரும் காரமில்லா உணவும் ஒரு திங்களிற் பழகிவிட்டன. ஆனால் முதல் மூன்று திங்கள் அவள் வாயிருந்தும் ஊமையாகவே இருந்தாள்.

அதனினும் பெரிய இடர் பின்னர் வந்தது. "உன் நாட்டையும் மொழியையும் பற்றி எங்களுக்குக் கூறு" என்று அவளை மேடையேற்றினர். அவள் காட்டியவை தாசுமகாலும் இந்தித் திரைப்பட ஆடலும்! தங்கியிருந்த வீட்டுத் தாய் ஒருநாள் வெள்ளைத்தாளை நீட்டி, "எங்கள் பெயர்களை உன் மொழியில் எழுது, சுவரில் மாட்டி வைப்போம்" என்றாராம். "எழுத்து நினைவுக்கு வரவில்லை ஐயா, அறைக்குள் சென்று கைப்பேசியில் தேடிப் பார்த்து எழுதினேன்" என்று, மீண்டு வந்தபின் தமிழ் கற்க எம்மிடம் வந்த அவள் கண்கலங்கிக் கூறினாள்.

அச்சிறுமியை யாம் குறைகூறோம். அவள் கைப்பொருளைப் பறித்துக்கொண்டு வெறுங்கையோடு அனுப்பியவர்கள் நாம். அவள் பிறந்தது நொய்யற் கரையில். அதே ஆற்றின் கீழ்ப்போக்கில், வடகரையில் இருப்பது கொடுமணல். அங்கு நடந்த அகழாய்வில் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள் நூற்றுக்கணக்கிற் கிடைத்தன. கல்மணி இழைத்த பட்டறையும் இரும்பு உருக்கிய உலையும் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் இவ்வூரே என்பர் அறிஞர். பெயர் எழுதித் தரச் சொன்ன அவ்வீட்டில், "எம் ஊர் மக்கள் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே தம் பெயரைப் பானையில் எழுதினர்" என்று அவள் கூறியிருக்கலாம். கூற இயலவில்லை, யாரும் அவளுக்குக் கூறவில்லை.

"தமிழில் படித்தால் அறிவியல் வருமா?" என்று வினவுவோர் கொங்குநாட்டு வரலாற்றையே அறியாதார். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராய் இருந்து, உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பயிற்றுமொழியாக்கியவர் அவினாசிலிங்கனார். அவர் 1946இல் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகமே, கொங்குநாட்டுப் பெரியசாமித்தூரன் தலைமைப் பதிப்பாசிரியராய் இருக்க, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. கோவையிலிருந்து தாமோதரனார் 'கலைக்கதிர்' வழியே அறிவியலைத் தமிழில் வழங்கினார். 1960இல் பட்டப்படிப்பைத் தமிழிலேயே பயிற்றும் முயற்சி கோவை அரசு கலைக்கல்லூரியிலேதான் தொடங்கிற்று. வழி அமைத்தவர் நம் முன்னோர்; அதில் முள்ளை இட்டவர் நாம்.

"ஆங்கிலம் உலகத்தின் சாளரம்" என்பர். ஆகட்டும், சுவரை இடித்துவிட்டுச் சாளரத்தை எங்கே பொருத்துவது? திருப்பூர்த் தொழிலகங்களில் ஓடும் செருமானியப் பின்னற்பொறிகளை ஆக்கியோர் பொறியியலை ஆங்கிலத்திலா கற்றனர்? சப்பானியப் பொறிகளை ஆக்கியோர் தம் பிள்ளைகள் தாய்மொழி பேசியதற்குத் தண்டம் கட்டினரா? அவர்கள் ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்றனர். அறிவைத் தம் மொழியிற் பெற்றனர். நாமோ அறிவையும் அயல்மொழியில் இரந்து, நம் மொழியையும் இழந்து, இதற்கு 'முன்னேற்றம்' என்று பெயரிட்டுக் கொண்டோம்.

2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. 2010இல் கோவையிலேயே செம்மொழி மாநாடு நடந்தது. ஆனால் ஒரு பாடமாகத் தமிழை வைத்து, ஏனைய பாடங்களினின்றும் அதனை விலக்குவது, தாயை வாயிற்றிண்ணையில் அமர்த்திச் சோறிடுவது போன்றதே.

பெற்றோரே! பிள்ளையைத் தாராளமாக அயல்நாட்டுக்கு அனுப்புங்கள். அதற்குமுன் அதனைத் தமிழ்வழியிற் படிக்க வையுங்கள். கொடுமணலுக்கும் பேரூருக்கும் அழைத்துச் சென்று காட்டுங்கள். செல்லும் நாட்டின் மொழியையும் முன்கூட்டியே கற்பியுங்கள். அங்கிருந்து கிழமைக்கொரு மடல் பாட்டிக்குத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். தமிழ் பேசியதற்குத் தண்டம் வாங்கும் பள்ளியின் படியை மிதியாதீர்!

அம்மாணவி இன்று தன் பெயரைத் தமிழிற் பிழையின்றி எழுதுகின்றாள். செருமனியிலுள்ள அக்குடும்பத்திற்குப் புதியதொரு தாள் எழுதி விடுத்திருக்கின்றாள். பதினேழு அகவையில் அவள் விழித்துக் கொண்டாள். தமிழகமே, நீ விழிப்பது என்று?