இல்லறத் துணை: நம் எண் நம்மோடு



அஜ்னி ரெயில்வே குடியிருப்பில் வாழும் சகோதரி ஒருவர் சென்ற திங்கள் நமது சங்கத்திற்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். "எங்கள் வீட்டினுள் கைப்பேசியில் பேச்சே கேட்பதில்லை. மாடிப்படியில் போய் நின்றால்தான் கேட்கிறது. வேறு நிறுவனத்தில் புதிய எண் வாங்கிக்கொள் என்கிறார் என் கணவர். ஆனால் ஒன்பது ஆண்டுகளாக இதே எண்தான் என்னிடம் இருக்கிறது. ஊரிலுள்ள அம்மாவுக்கும், வங்கிக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கும் இந்த எண்தான் தெரியும். எண்ணை விட்டுவிடுவதா, படிக்கட்டிலேயே காலம் தள்ளுவதா?" என்று கேட்டிருந்தார்.

இரண்டும் வேண்டியதில்லை என்பதே என் விடை. நிறுவனத்தை விடலாம், எண்ணை விட வேண்டாம். வழக்கில் 'போர்ட்' செய்வது என்கிறோமே, அதற்குச் சட்டமே இடம் தந்திருக்கிறது. ஆயினும் இதனை அறியாமலும், அறிந்தும் சோம்பியும், எண்ணைத் தொலைத்தவர்கள் நம்மிடையே பலர். அவர்களில் நானும் ஒருவன். ஆகவே, முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2013-ஆம் ஆண்டில் ரெயில்வே வேலை கிடைத்து விருத்தாசலம் பக்கத்திலிருந்து நாகபுரிக்கு வந்தேன். அப்போது என்னிடம் இருந்தது தமிழ்நாட்டு எண். வெளி மாநிலத்தில் இருந்துகொண்டு அதில் வரும் அழைப்பை ஏற்றாலும் காசு கழியும். தொடக்கச் சம்பளத்தில் அது கட்டுப்படியாகவில்லை. அக்காலத்து விதியோ, ஒரே வட்டத்திற்குள் நிறுவனம் மாறுவோருக்கு மட்டுமே எண்ணைத் தக்கவைக்க இடம் தந்தது. எனவே இங்கே புதிய எண் ஒன்றை வாங்கிக்கொண்டு, பழையதைப் பணம் போடாமல் விட்டுவிட்டேன்.

தாயை இளமையிலேயே இழந்த என்னை வளர்த்தவர்கள் என் பெரியம்மாவும் பெரியப்பாவும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பெரியம்மா எழுதப் படிக்க அறியாதவர். என் பழைய எண்ணை அடுத்த வீட்டுப் பையனைக் கொண்டு அடுக்களைச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்திருந்தார். ஞாயிறுதோறும் நானே அழைத்துப் பேசிவிடுவேன். என் எண் மாறிவிட்டது என்பதையும் ஒருமுறை சொன்னேன். அதைச் சுவரிலும் மாற்றி எழுத வைக்க வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

2014-ஆம் ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை பெரியப்பா காலமானார். பெரியம்மா சுவரிலிருந்த எண்ணைக் காட்டி அழைக்கச் சொல்லியிருக்கிறார். அந்த எண் அதற்குள் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. "அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று மூன்று முறையும் விடை வந்ததாம். மாலை வரை காத்திருந்து காரியத்தை முடித்துவிட்டார்கள். கொள்ளி வைக்க வேண்டியவன் நான். வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமை அழைத்தபோதுதான் செய்தி தெரிந்தது. பெரியம்மா என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. "எத்தனை தடவை அடிச்சோம், ராசா" என்று மட்டும் சொன்னார்.

இதை இரக்கம் வேண்டி எழுதவில்லை. ஊரைவிட்டு வந்த நமக்கு எண் என்பது வெறும் பத்து இலக்கம் அன்று என்பதை உணர்த்தவே எழுதினேன். நம் வீட்டு விலாசம் மாறுகிறது. வேலை பார்க்கும் ஊர் மாறுகிறது. ஊரார் நம்மைத் தேடிப் பிடிக்க எஞ்சியிருப்பது அந்த எண் ஒன்றே.

இனி விதிகளைப் பார்ப்போம். எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி, 2010 நவம்பர் 25 அன்று அரியானாவில் தொடங்கி, 2011 சனவரி 20 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. வட்டம் விட்டு வட்டம் போனாலும் எண்ணைக் கொண்டுசெல்லலாம் என்ற விரிந்த உரிமை 2015 சூலை 3 அன்றுதான் கிடைத்தது. எனக்கு அது ஓராண்டு தாமதம். உங்களுக்கு அந்தத் தடை இல்லை.

வட்டம் என்பதை மாநிலம் என்று எண்ணிவிட வேண்டாம். தொலைத்தொடர்புக் கணக்கில் நாடு 22 வட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மும்பையும் கல்கத்தாவும் தனித்தனி வட்டங்கள். நாகபுரியிலிருந்து மும்பைக்கு மாற்றலாகிறவர் மாநிலம் மாறவில்லை, வட்டம் மாறுகிறார். கரக்பூரிலிருந்து கல்கத்தா செல்பவருக்கும் அவ்வாறே. தில்லியிலிருந்து நோய்டாவில் குடியேறுபவரோ மாநிலம் மாறியும் வட்டம் மாறுவதில்லை.

நான் பார்சல் அலுவலகத்தில் எழுத்தனாக இருப்பவன். இதனை என் தொழில் வழியே சொன்னால் எளிதில் விளங்கும். பார்சலின் மேல் எழுதிய எண் ஒன்றே. அதனை ஏற்றிச் செல்லும் வண்டி வழியில் மாறலாம். முன்பெல்லாம் கைப்பேசி எண்ணின் முதல் இலக்கங்களைக் கண்டே இன்ன நிறுவனம் என்று சொல்லிவிடலாம். இன்று அப்படிச் சொல்ல இயலாது. நீங்கள் ஒருவரை அழைக்கும்போது, அவ்வெண் இப்போது எந்த நிறுவனத்திடம் உள்ளது என்று ஒரு பொதுப் பதிவேட்டைப் பார்த்து அறிந்து, அந்தப் பக்கமாக அழைப்பு திருப்பிவிடப்படுகிறது. ரெயில்வே ஊழியர்களின் அலுவலகக் குழு எண்கள் 2019 சனவரியில் ஒரு நிறுவனத்திடமிருந்து மற்றொன்றின் பொறுப்புக்கு இவ்வாறே வந்தன.

இப்போது செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, போக விரும்பும் நிறுவனத்தின் கோபுரம் உங்கள் வீட்டினுள் எட்டுகிறதா என்று பாருங்கள். அந்நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் அண்டை வீட்டாரை ஒருநாள் தேநீருக்கு அழைத்து, அவர் கைப்பேசியைச் சமையலறையிலும் படுக்கையறையிலும் வைத்துப் பார்த்தால் போதும். விளம்பரத்தை நம்பிப் போனவர்கள் மறுபடியும் மாடிப்படியில் நிற்க நேரும். ஏனெனில், ஒருமுறை மாறினால் 90 நாள் கழியாமல் மீண்டும் மாற முடியாது. புதிதாக வாங்கிய இணைப்புக்கும் இதே 90 நாள் விதி உண்டு.

இரண்டாவது, மாதக் கட்டணச் சந்தாதாரராயின், கெடு கடந்த பாக்கியைத் தீர்த்துவிடுங்கள். முன்பணம் செலுத்துபவராயின், மீதியுள்ள தொகையும் நாள்களும் புதிய நிறுவனத்திற்கு வாரா என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஓராண்டுக்குப் பணம் கட்டிய மறுவாரமே மாறுவது நட்டம். பழைய திட்டம் முடியும் தறுவாயில் மாறுவதே சிக்கனம்.

மூன்றாவது, அந்த எண்ணிலிருந்தே 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணை எழுதினால் போதும். முன்பணத் திட்டம் எவ்வளவு சிறியதாயினும் இச்செய்தியை அனுப்பும் வசதியை மறுக்கலாகாது என்று 2021 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டுள்ளது. நீங்கள் தகுதியுடையவராயின் எட்டு எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு குறியீடு வந்து சேரும். தகுதி இல்லையெனில் அதன் காரணம் வரும். 2019 டிசம்பர் 16 முதல் இந்த முறை நடைமுறையில் உள்ளது. குறியீட்டுக்கு ஆயுள் நான்கு நாள்; ஜம்மு காஷ்மீர், அஸ்ஸாம், வடகிழக்கு வட்டங்களில் மட்டும் 30 நாள்.

நான்காவது, குறியீட்டோடும் ஆதார் முதலிய சான்றுகளோடும் புதிய நிறுவனத்தின் கடைக்குச் செல்லுங்கள். அங்கே புதிய சிம் அட்டை தருவார்கள். எண் மாற்றத்திற்கென 2019-இல் ஆணையம் வகுத்த கட்டணம் 6 ரூபாய் 46 காசுதான். கடைக்காரர் இதற்கென்று நூறும் இருநூறும் கேட்டால் ரசீது கேளுங்கள், பேச்சு அடங்கிவிடும். மனம் மாறினால், விண்ணப்பித்த 24 மணி நேரத்திற்குள் 'கேன்சல்' என்று எழுதி, இடைவெளி விட்டு எண்ணையும் எழுதி, அதே 1900-க்கு அனுப்பி நிறுத்திவிடலாம்.

ஐந்தாவது, பொறுத்திருங்கள். அதே வட்டத்திற்குள் மூன்று வேலை நாள். வட்டம் விட்டு வட்டம் எனில் ஐந்து வேலை நாள். மேற்சொன்ன எல்லைப்புற வட்டங்களில் இதனினும் கூடுதலாகும். அதுவரை பழைய அட்டையைக் கைப்பேசியிலிருந்து எடுக்கவே கூடாது. மாறும் நாளும் வேளையும் செய்தியாக வரும். பழைய அட்டை உயிரிழந்ததும் புதியதைப் போடுங்கள். இடையில் சிறிது நேரம் இரண்டும் இயங்காமல் இருக்கலாம். ஆகவே, பணம் அனுப்ப வேண்டிய நாளிலும், ஊரில் நோயாளி இருக்கும் வேளையிலும் இதனைச் செய்ய வேண்டாம்.

இவ்வளவும் எளிதே. நம் குடும்பங்கள் தடுக்கி விழுவது வேறு மூன்று இடங்களில்.

ஒன்று, எண் யார் பெயரில் உள்ளது என்பது. மனைவி பயன்படுத்தும் எண் கணவர் பெயரிலும், மகனுடையது மாமன் பெயரிலும், சில வீடுகளில் மறைந்துவிட்ட தந்தையார் பெயரிலும் இருக்கக் காண்கிறோம். பெயருக்குரியவரே சான்றுடன் வர வேண்டும். பெயர் மாற்றம் முடிவாகாமல் இருக்கையில் எண் மாற்றமும் ஆகாது. ஆகவே முதலில் பழைய நிறுவனத்திலேயே எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதன் பின் நிறுவனம் மாறுங்கள். அலுவலகம் தந்த குழு எண்ணோ அலுவலகத்தின் உடைமை. அதன் அனுமதிக் கடிதமின்றி நாம் அதனைக் கொண்டுபோக முடியாது. அவ்வெண்ணை வங்கியிலும் சேமநிதியிலும் பதிந்து வைத்துவிட்டு, ஓய்வு பெறும் நாளில் கைபிசைந்து நிற்பவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டு, பெட்டியில் உறங்கும் எண். ஊர் எண் இருக்கட்டும் என்று சிம் அட்டையைக் குங்குமச் சிமிழில் போட்டு வைக்கும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. முன்பண எண் ஒன்று 90 நாள் எவ்விதப் பயனுமின்றிக் கிடந்தால் அது நிறுத்தப்படலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதனைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் வைத்திருப்பார்கள். நிறுத்தப்பட்ட எண், குறைந்தது 90 நாள் கழிந்தபின், புதியவர் ஒருவருக்கு வழங்கப்படும். என் பழைய எண் போன வழி அதுவே. 2017-ஐ ஒட்டி நிறுவனங்கள் வெளிமாநிலத்தில் ஏற்கும் அழைப்புக்கான கட்டணத்தை நீக்கிவிட்டன. ஆதலால் ஊர் எண்ணையே இங்கும் வைத்துக்கொள்வதில் இப்போது நட்டமில்லை.

மூன்று, வஞ்சகர். 1900-இலிருந்து வரும் குறியீடு உங்கள் எண்ணின் சாவி. "நிறுவனத்திலிருந்து பேசுகிறோம், குறியீட்டைச் சொல்லுங்கள்" என்று யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். எண் அயலான் கைக்குப் போனால் வங்கியின் இரகசிய இலக்கங்களும் அவனுக்கே போகும். இதனைத் தடுக்கவே, சிம் அட்டையை மாற்றி வாங்கிய ஏழு நாள்களுக்குள் கேட்டால் குறியீடு தரப்படாது என்ற விதி 2024 சூலை 1 முதல் வந்துள்ளது. அட்டை பழுதாகிப் புதியது வாங்கியவர்கள் ஒரு வாரம் பொறுக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்வேன். நிறுவனம் தள்ளாடுவது தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சேவை தமிழகத்தின் பல இடங்களில் திடீரென நின்றது. அம்மாத இறுதியில் அந்நிறுவனம் திவால் நடவடிக்கையை நாடியது. குறியீடு கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்பக்கூட வழியின்றி மக்கள் தவித்ததைச் செய்தித்தாள்களில் படித்தோம். வண்டி நின்ற பின் பெட்டியை இறக்க ஆள் தேடுவதைவிட, நிலையம் வருமுன்னரே எழுந்து நிற்பது நல்லது.

அஜ்னி சகோதரியார் இப்போது மாறிவிட்டார். அதே எண், வேறு நிறுவனம். சமையலறையிலிருந்தே ஊரிலுள்ள தம் தாயாருடன் பேசுவதாக, சென்ற ஞாயிறு சங்கத்தில் கண்டபோது மகிழ்ச்சியோடு சொன்னார்.

என் பெரியம்மா இன்றும் ஊரில் இருக்கிறார். அடுக்களைச் சுவருக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. நாகபுரியில் நான் வாங்கிய எண்ணை அதே இடத்தில், இம்முறை என் கையாலேயே, எழுதி வைத்திருக்கிறேன். அதன் பிறகு இருமுறை நிறுவனம் மாறினேன். சுவரில் இருப்பதை அழிக்க வேண்டிய தேவை வரவில்லை.

அன்பர்களே, இந்த ஞாயிறன்று ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டிலுள்ள எண்கள் எத்தனை, எவை யார் பெயரில் உள்ளன என்று ஒரு தாளில் எழுதுங்கள். பின்னர் ஊருக்கு அழைத்து, அங்குள்ள பெரியவர்கள் உங்கள் எந்த எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வேறு எண்ணாக இருந்தால், நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம். வணக்கம்.