பிறந்தநாளுக்கு மக்கன் பேடா!

நண்பர்களே, பிறந்தநாள் வந்தா வகுப்பு முழுக்க பாக்கெட் சாக்லேட்தான். ஒரு தடவை ஆற்காடு மக்கன் பேடா கொடுத்தால் என்ன? 2019-ல் ஆற்காடு நம்ம வேலூரை விட்டு ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போயிடுச்சு. அதுக்காகப் பேடாவையும் மறக்கணுமா?

பார்க்க குலாப் ஜாமுன்தான். கடித்தால்தான் வித்தியாசம்! கோவாவும் மைதாவும் பிசைந்து, நடுவில் முந்திரி, திராட்சை வைத்து உருட்டி, பொரித்து, சர்க்கரைப் பாகில் ஊறப் போடுகிறார்கள். (உருதில் 'மக்கன்' என்றால் வெண்ணெய்.) நவாப் காலத்துப் பலகாரம் என்பார்கள். என் நாக்கு நம்புது.

சாக்லேட்டுக்கு டி.வி.யில் விளம்பரம் வருது. அந்தச் சின்ன மிட்டாய்க் கடைகளுக்கு நாம படியேறிப் போய் வாங்கினால்தான் வியாபாரம்.

பாகு ஒழுகி யூனிஃபார்ம் பாழாகும்னு சிலர் சொல்றாங்க. வடித்து, தொன்னையில் கொடுக்கலாமே. செலவா? ஆளுக்குப் பாதி போதும். முழுசா வேணும்னா, பஸ் ஏறி ஆற்காட்டுக் கடைக்கே வாங்க!